வேண்டுகோளா, கடனா?



சென்ற அறுப்பின் பண்டிகைக்கு முன் நமது சபையில் வாசிக்கப்பட்ட அறிவிப்பு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதை எழுதியவன் நான். ஒரு தொகையைக் குறிப்பிட்டு, “ஒவ்வொரு குடும்பமும் தவறாமல் செலுத்த வேண்டும்” என்று எழுதி, அதன் கீழே 2 கொரிந்தியர் 9:7 என்று வசன எண்ணையும் சேர்த்திருந்தேன். ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்தபின், துறைமுகத்தில் சுமை தூக்கி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். “ஐயா, இது வேண்டுகோளுங்களா, கடனுங்களா? வேண்டுகோள்னா முடிஞ்சதைக் கொண்டாறேன். கடன்னா வட்டிக்கு வாங்கித்தான் கட்டணும்” என்றார். நான் சிரித்து மழுப்பினேன். அதன் பின்பு மூன்று ஞாயிறுகள் அவர் ஆலயத்துக்கு வரவில்லை.

இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படித்த எனக்கு அவருடைய கேள்விக்கு அன்று விடை தெரியவில்லை. வேதத்தைத் திறந்து அந்த வசனத்தை மறுபடியும் வாசித்தபோதுதான், அவர் கேட்டது இலக்கணக் கேள்வி என்பதும், தமிழ் வேதாகமத்தின் வரலாறு முழுவதும் அக்கேள்வி கூடவே நடந்து வந்திருக்கிறது என்பதும் புரிந்தன. இவ்வாரத் தியானம் சற்று நீண்டுவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மனிதன் ஒன்றைச் செய்தே தீரவேண்டிய நிலையை ஒவ்வொரு மொழியும் எங்கிருந்தோ ஒரு சொல்லைக் கடன் வாங்கித்தான் சொல்லுகிறது. தமிழில் நாம் இன்று அதிகமாய்ப் பயன்படுத்துவது ‘வேண்டும்’ என்ற சொல். ‘வேண்டு’ என்றால் விரும்பு, கேள், மன்றாடு. வேண்டுதல், வேண்டுகோள் எல்லாம் அதன் பிள்ளைகளே. ஆகவே ‘நான் போக வேண்டும்’ என்று சொல்லும்போது, ‘நான் போவது விரும்பப்படுகிறது’ என்பதே அதன் அடிப்பொருள். நம் தெருவில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல உண்டு. அவர்களுடைய ‘செய்யாலி’யின் ஈற்றில் நிற்பதும் விருப்பத்தையும் தேவையையும் குறித்த ‘வலயு’ என்ற பழைய வினைதான். இந்தியின் ‘சாஹியே’யும் விரும்புதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. இந்நாட்டு மொழிகள் பல கட்டாயத்தை விருப்பத்திலிருந்து வடித்துக்கொண்டன போலும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நான் போக வேண்டும், நீ போக வேண்டும், அவர்கள் போக வேண்டும்: யார் போனாலும் ‘வேண்டும்’ மாறுவதில்லை. அதைவிட முக்கியமாக, விரும்புகிறவர் யார் என்பதை அச்சொல் வெளியே சொல்வதே இல்லை. கடவுள் விரும்புகிறாரா, அரசாங்கமா, அத்தையா, செயற்குழுவா? வாக்கியத்துக்குள் அவர் மறைந்து நிற்கிறார். என் அறிவிப்பில் மறைந்து நின்றது நானும் செயற்குழுவும்தான். ஆனால் கீழே வசன எண்ணைப் போட்டதால், கேட்டவர்களுக்கு அங்கே நின்றது ஆண்டவர் என்று தோன்றியிருக்கும். இதைத் தெரியாமல் செய்தேன் என்றுகூட என்னால் முழு மனதோடு சொல்ல முடியாது.

இதற்கு நேர்மாறான குடும்பம் ஒன்று தமிழில் உண்டு. கடன், கடமை, கடப்பாடு, கடவன், கடவது. இவை யாவும் ஒரே வேரைச் சேர்ந்தவை. இன்று நாம் கடமை என்றால் நல்லொழுக்கத்தை நினைக்கிறோம். இடைக்காலக் கல்வெட்டுகளில் ‘கடமை’ என்றால் வரி. நமக்கு அருகிலேயே இருக்கும் திருவொற்றியூர்க் கோவிலின் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் பல இருக்கின்றன. அக்காலத்துக் கோவில்களில் நந்தா விளக்கு எரிக்க ஆடுகளைக் கொடையாக விடுவது வழக்கம். பெரும்பாலும் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர், நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க ஒப்புக்கொள்வார். ஆடுகள் செத்தாலும் குட்டிகள் வளர்ந்து ஈடு செய்யும் என்பதால் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றே எழுதி வைத்தார்கள். அவ்வகை ஒப்பந்தங்களில் வரும் சொல்தான் ‘கடவேன்’, ‘கடவோம்’. இந்த வினை ‘வேண்டும்’ போல ஆள் தெரியாமல் நிற்பதில்லை. கடவேன் என்றால் நான். கடவாய் என்றால் நீ. கடவோம் என்றால் நாங்கள். பொறுப்பேற்றவன் தன் பெயரோடு வினைக்குள்ளேயே நிற்கிறான். வாங்கியது இன்னது, கொடுப்பது இன்னது, கொடுப்பவர் இன்னார் என்பதெல்லாம் வெளிப்படை.

இந்த இரண்டு சொற்குடும்பங்களையும் கையில் வைத்துக்கொண்டுதான் நம் மொழிபெயர்ப்பாளர்கள் உட்கார்ந்தார்கள். சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, 1708இல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி, 1711இல் முடித்தார்; 1714-15இல் அது அச்சானது. அவருக்குப் பின் வந்தவர்களில் நம் சென்னைக்கு மிக நெருங்கியவர் யோவான் பிலிப் பப்ரிசியஸ். வேப்பேரியில் நெடுங்காலம் ஊழியம் செய்தவர். 1761இல் புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்தபோது அங்கிருந்து கொண்டுவந்த அச்சுக்கூடம் வேப்பேரியில் அவர் பொறுப்பில் வந்தது. அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. பின்னர் பெர்சிவல் காலத்து 1850ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு, அதன்பின் ஹென்றி பவர் தலைமையில் 1871இல் முழுமை பெற்ற திருத்தம் என்று வரலாறு நீளுகிறது. இன்று நம் ஆலய மேசையில் இருக்கும் பழைய திருப்புதல் அந்த 1871இன் வழி வந்தது. பப்ரிசியஸின் நடை அதில் இன்னும் மூச்சுவிடுகிறது என்பது என் எண்ணம்.

பப்ரிசியஸ் ஜெர்மானியர். ஜெர்மன் மொழியில் கட்டாயத்தைக் குறிக்கும் ‘ஸோலென்’ என்ற வினையும், கடன், குற்றம் என்று இரண்டு பொருளும் தரும் ‘ஷுல்ட்’ என்ற பெயரும் ஒரே வேர். ஆங்கிலத்தின் ‘ஷல்’ கூட ஆதியில் ‘கடன்பட்டிருக்கிறேன்’ என்றே பொருள்பட்டது. ‘ஆட்’ என்பது ‘ஓ’ என்ற கடன்படுதலின் பழைய இறந்தகாலம். இந்நாட்டு மொழிகள் விருப்பத்திலிருந்து பெற்றதை அம்மொழிகள் கடனிலிருந்து பெற்றன. அப்படிப்பட்ட தாய்மொழியில் வளர்ந்தவருக்குத் தமிழின் கடன், கடவன் என்ற இணை எவ்வளவு இயல்பாக இருந்திருக்கும்! இது என் ஊகம் மட்டுமே. ஆனால் ஊகமல்லாத ஒன்று உண்டு. தம் முதுமையில் பப்ரிசியஸ் பண விவகாரங்களில் சிக்கி, கடனுக்காகச் சிறைப்பட்டார். கர்த்தருடைய ஜெபத்தில் கடன்களை மன்னிக்கக் கேட்கும் வரியை எத்தனையோ முறை தமிழில் செதுக்கியவர் அவர். சிறையில் அந்த ஜெபத்தை அவர் சொல்லாமல் ஒரு நாளும் கழிந்திராது என்று நினைக்கும்போது, அச்சொல்லை நான் வேகமாய் உச்சரித்துக் கடந்துவிடும் ஞாயிறுகள் எனக்கு உறுத்துகின்றன.

கிரேக்கத்திலும் இரண்டு சொற்கள். ஒன்று ‘ஓபெய்லோ’: கடன்பட்டிருக்கிறேன். யோவான் 13:14இல், கால்களைக் கழுவிய ஆண்டவர் சீஷர்களிடம் சொல்வது இந்த வினை, தமிழில் ‘கழுவக்கடவீர்கள்’. கடனுக்குக் கடன், நேருக்கு நேர். இதைவிடச் சரியாக மொழிபெயர்க்க முடியாது. மற்றொன்று ‘தெய்’. அதுவும் நம் ‘வேண்டும்’ போலவே ஆள் காட்டாத வினை. புதிய ஏற்பாட்டில் சுமார் 100 இடங்களில் வருகிறது. அவற்றில் ஏறத்தாழ 40 லூக்கா எழுதிய இரண்டு நூல்களில் மட்டும். சிறுவன் இயேசு ஆலயத்தில் சொன்னது, பாடுகளை முன்னறிவித்தது, எம்மாவு வழியில் கேட்டது எல்லாம் இந்த ‘தெய்’.

அதன் வேர் என்ன தெரியுமா? குறைவுபடுதல், தேவைப்படுதல். அதே வேரிலிருந்து பிறந்த ‘தெயோமாய்’ என்பதற்கு மன்றாடுகிறேன் என்று பொருள். ‘தெயேசிஸ்’ என்றால் விண்ணப்பம். அதாவது கிரேக்கத்தில் கட்டாயமும் மன்றாட்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். தமிழிலோ வேண்டும், வேண்டுதல்! இவ்விரு மொழிகளுக்கும் உறவில்லை. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதவில்லை. லூக்கா 22ஆம் அதிகாரத்தைத் திறந்து 32ஆம் வசனத்தையும் 37ஆம் வசனத்தையும் பாருங்கள். பேதுருவுக்காக ஆண்டவர் மன்றாடினார் என்ற இடத்தில் ‘வேண்டிக்கொண்டேன்’. ஐந்து வசனங்கள் தள்ளி, எழுதப்பட்டது தம்மிடத்தில் நிறைவேறியே ஆகும் என்ற இடத்தில் ‘வேண்டியதாயிருக்கிறது’. கிரேக்கத்தில் முதலாவது தெயோமாய், இரண்டாவது தெய். ஆங்கிலத்தில் வாசிப்பவருக்கு இந்த உறவு கண்ணில் படாது. தமிழில் வாசிக்கும் நமக்கு அது இலவசமாய்க் கிடைத்திருக்கிறது. நான் முப்பது ஆண்டுகள் கவனிக்கவில்லை.

சமாரியாவின் வழியாய் ஆண்டவர் ‘போகவேண்டியதாயிருந்தது’ என்று யோவான் 4:4 சொல்லுகிறது. அங்கும் தெய்யின் இறந்தகாலமே. இது தேவ திட்டத்தைக் குறிக்கிறதா, வெறும் பாதையைக் குறிக்கிறதா என்று பிரசங்கிகள் வாதிடுவதுண்டு. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு, கலிலேயாவிலிருந்து எருசலேமுக்கு விரைவாய்ப் போக விரும்புகிறவர்கள் சமாரியா வழியாகவே போகவேண்டும், மூன்று நாளில் சேர்ந்துவிடலாம் என்று எழுதும்போது இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். ஆகவே அது பேருந்து வழித்தடம் போன்ற சாதாரணத் தேவையாகவும் இருக்கலாம். ஆள் காட்டாத வினையின் அழகும் ஆபத்தும் இதுதான்: விரும்புகிறவர் யார் என்பதைக் கேட்பவரே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

பழைய திருப்புதலை வாசிக்கும் இளைஞருக்கு இடையில் ஓர் எச்சரிக்கை. மத்தேயு 6:24இல் தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஒருங்கே ஊழியம் செய்ய உங்களால் ‘கூடாது’ என்று வருகிறது. இன்றைய பேச்சில் கூடாது என்றால் தடை. இங்கே பேருந்தில் எச்சில் துப்பக்கூடாது என்பது போல. ஆனால் அங்கே கிரேக்கம் சொல்வது ‘இயலாது’. ஆண்டவர் அங்கே தடைச்சட்டம் போடவில்லை, நடக்காத காரியம் என்று நமக்கு நடப்பைச் சொல்லுகிறார். மத்தேயு 19:26இல் மனுஷரால் கூடாதது, தேவனால் கூடும் என்பதும் அதே பொருளே. சொல் நம் கால் கீழேயே இடம் மாறிவிடுகிறது. நம் ஊர்ப் பெயரையே பாருங்கள். 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராயிருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை இது. காலெட்டின் பேட்டை மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. இன்று மெட்ரோ நிலையப் பலகையைப் பார்க்கிறவர் யாருடைய காலடி என்று கேட்பாரே தவிர, ஓர் ஆங்கிலேயரை நினைப்பதில்லை.

பத்துக் கற்பனைகளுக்கும் வருவோம். எபிரெயத்தில் ‘வேண்டும்’ என்பதற்குத் தனி வினை வைத்து அவை எழுதப்படவில்லை. நீ செய்யமாட்டாய் என்று நிறைவுறா வினையில் வருகின்றன. லூத்தர் ஜெர்மனில் ஸோலென் என்று கடன் வேரைப் போட்டார். நம் பழைய திருப்புதலோ ‘செய்யாதிருப்பாயாக’ என்று வியங்கோளில் வைத்தது. வியங்கோள் என்பது கட்டளைக்கு மட்டுமல்ல, வாழ்த்துக்கும் வேண்டுதலுக்கும் உரிய வடிவம். தொல்காப்பியம் அதை முன்னிலைக்கும் தன்மைக்கும் பொருந்தாது என்று விலக்கியிருந்தது. நன்னூல் காலத்தில் அது எல்லா இடத்துக்கும் பாலுக்கும் திறந்துவிடப்பட்டது. அந்தத் திறப்பு நேராதிருந்தால் சீனாய் மலையில் தேவன் நம்மோடு பேசும் ‘-ஆயாக’ நமக்குக் கிடைத்திராது. 1995இல் வந்த திருவிவிலியம் ‘செய்யாதே’ என்று நேரடியாக ஏவுகிறது. இது தெளிவானது, பிள்ளைகளுக்கு எளிது. ஆயினும், பழையதில் கட்டளைக்குள் ஒரு வாழ்த்தும் ஒலிக்கிறதை நான் இழக்க விரும்பவில்லை.

இனி அந்த 9:7. பவுல் எருசலேமின் ஏழைப் பரிசுத்தவான்களுக்காகப் பணம் சேர்க்கிறார். கொடுத்தல் விசனமாயும் கட்டாயமாயும் இருக்கலாகாது என்பது வசனத்தின் உயிர். ஆனால் நம் தமிழில் அது ‘கொடுக்கக்கடவன்’ என்று முடிகிறது. கிரேக்க மூலத்தைப் பார்த்தால், ‘ஒவ்வொருவனும் தன் இருதயத்தில் தீர்மானித்தபடி’ என்பதோடு வாக்கியம் நின்றுவிடுகிறது. வினையே இல்லை! பவுல் கொடு என்றும் சொல்லவில்லை, கொடுக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. அந்த இடத்தை வெறுமையாய் விட்டுவிட்டார். தமிழ் வாக்கியம் வினையில்லாமல் அங்கே நிற்கத் தயங்கும். மொழிபெயர்த்தவர் ஒன்றைப் போட்டுத்தான் ஆகவேண்டும். அக்காலத்தில் ‘கடவன்’ என்பது ‘செய்யட்டும்’ என்ற மென்பொருளிலும் வழங்கியது. யாக்கோபு 5:13இல் மகிழ்ச்சியாயிருப்பவன் ‘பாடக்கடவன்’ என்று வருகிறதே. பாட்டு யாருக்கும் கடனல்லவே. ஆகவே மொழிபெயர்ப்பாளரைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் கடன் என்ற வேர் இன்றும் காதில் விழுகிற ஒரு மனிதர் நம் சபையில் இருந்தார். கட்டாயமல்ல என்று சொல்லும் வசனத்தின் கடைசியில் கடன் ஒலிப்பதையும், அதன் மேலே என்னுடைய ‘வேண்டும்’ உட்கார்ந்திருப்பதையும் அவர் கேட்டுவிட்டார்.

பவுலுக்கு அது கடன் என்ற எண்ணமே இல்லையா? அப்படிச் சொல்லவும் முடியவில்லை. ரோமர் 15:27இல், இதே காணிக்கையைப் பற்றி, கொடுத்தவர்கள் கடனாளிகளாயும் இருக்கிறார்கள் என்று ஓபெய்லோவின் குடும்பச் சொல்லையே எழுதுகிறார். ஆனால் அதை எழுதியது ரோமருக்கு, மூன்றாம் பேருக்கு. பணப்பையைக் கையில் வைத்திருந்த கொரிந்தியரிடம் அந்தச் சொல்லை அவர் எடுக்கவே இல்லை. கட்டளையாகச் சொல்லவில்லை என்று 8:8இல் வெளிப்படையாகவே எழுதுகிறார். கடன் என்பதைக் கொடுப்பவன் தன்னைக் குறித்துச் சொல்லலாம், பார்ப்பவன் வியந்து சொல்லலாம்; வாங்குகிறவன் சொன்னால் அது வசூல். இதை நான் தாமதமாகவே கற்றேன்.

இன்னும் ஒன்று. 2 கொரிந்தியர் 8:4இல் வேண்டிக்கொள்ளுகிறவர் யார் என்று பாருங்கள். பவுல் அல்ல. கொடிய தரித்திரத்திலிருந்த மக்கெதோனியர், தங்கள் உதவியை ஏற்றுக்கொள்ளும்படி பவுலை மன்றாடுகிறார்கள். கிரேக்கத்தில் தெயோமாய், தமிழில் ‘வேண்டிக்கொண்டார்கள்’. அறிவிப்பில் நான் போட்ட வேண்டுதல், வேதத்தில் கொடுக்கிறவர்களின் வாயில் இருக்கிறது. சகேயுவையும் நினையுங்கள். இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்ற ‘தெய்’ ஆண்டவர் தம்மேல் போட்டுக்கொண்டது. பாதியைக் கொடு என்று ஒரு சொல்லும் அவர் சொன்னதாக லூக்கா எழுதவில்லை.

நான்காம் வாரம் அந்தப் பெரியவரின் வீட்டுக்குப் போனேன். “ஐயா, நீங்க கேட்டதுக்கு அன்னைக்கே பதில் சொல்லியிருக்கணும். அது கடன் இல்லை. அப்படி எழுதினது என் தப்பு” என்றேன். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். “அப்போ காலெண்டர்லே குறிச்சு வைச்சிருந்த வட்டிக்காரர் நம்பரை அழிச்சிடலாம்” என்றார். அவர் மனைவி தேநீர் கொண்டுவந்தார். காணிக்கையைப் பற்றி நாங்கள் அதற்குமேல் பேசவில்லை.

இவ்வருட அறிவிப்பைத் திரும்ப எழுதியிருக்கிறேன். தொகை இல்லை. ‘வேண்டும்’ வருகிற இடத்தில் யார் வேண்டுகிறார்கள் என்பதை எழுதி, செயற்குழுவினரும் நானும் கையொப்பமிட்டிருக்கிறோம். ஞாயிறு மாலை வேதபாடத்தில் 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்களை எடுத்துக்கொள்ளுகிறோம். முன்பே ஒருமுறை வாசித்து, கடவன், கடன், வேண்டும், கட்டாயம் என்ற சொற்கள் வரும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு வாருங்கள்.